சட்டத்துக்கு வெளியே பிழைத்த நாடு: ஜிம்பாப்வே 2007–2009, ஒரு நிகழ்வு ஆய்வு

2009 ஜனவரி 29 அன்று ஜிம்பாப்வேயின் பொறுப்பு நிதியமைச்சர் பாட்ரிக் சினமாசா நாடாளுமன்றத்தில் பட்ஜெட் படித்தார். அமெரிக்க டாலர், தென்னாப்பிரிக்க ராண்ட் முதலான வெளிநாட்டுப் பணத்தில் இனி எல்லாரும் வாங்கலாம், விற்கலாம் என்று அதில் அறிவிப்பு வந்தது. தலைநகர் ஹராரேயின் தெருவோரத்தில் தக்காளியைக் கூறு கட்டி விற்ற பெண்களுக்கு அது புதுச் செய்தியே அல்ல. பல மாதமாகவே அவர்கள் ராண்டும் டாலரும் கேட்டுத்தான் வாங்கிக்கொண்டிருந்தார்கள். முந்தின நாள் வரை அது குற்றம். அன்று முதல் அதுவே அரசின் கொள்கை.

பொருளாதாரம் சரியும்போது தப்பிப்பது எப்படி என்ற பேச்சு எழுந்தாலே தங்கம் வாங்கி வை, டாலர் வாங்கி வை, அரிசி மூட்டை அடுக்கி வை என்று யோசனைகள் வரும். ஜிம்பாப்வேயில் நடந்ததைக் கிட்டப் போய்ப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. சாமானிய மக்கள் உயிரோடிருக்கச் செய்த காரியங்களில் பெரும்பகுதி அந்தந்த நேரத்தில் தண்டனைக்குரியவை. தெருவில் விற்பது, பணம் மாற்றுவது, மக்காச்சோள மூட்டையை ஊர் விட்டு ஊர் கொண்டுபோவது, ஆற்று மணலில் தங்கம் அரிப்பது, எல்லை தாண்டுவது, கட்டுபடியாகும் விலைக்கு ரொட்டி விற்பது என்று எல்லாமே குற்றம். விலைவாசியோடு மட்டுமல்லாமல், விலைவாசியைக் கட்டுப்படுத்துகிறேன் என்று வந்த அரசோடும் அவர்கள் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. இந்த ஆய்வு அந்த இரண்டாவது போராட்டத்தைத்தான் முக்கியமாகப் பின்தொடர்கிறது. முதலாவதைப் பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது.

பணம் செத்த விதம்

1980-இல் நாடு விடுதலை பெற்றபோது ஒரு ஜிம்பாப்வே டாலருக்கு ஓர் அமெரிக்க டாலரைவிட அதிக மதிப்பு. சரிவின் முதல் பெரிய நாள் 1997 நவம்பர் 14. விடுதலைப் போரில் ஈடுபட்டவர்களுக்குத் தலா 50,000 ஜிம்பாப்வே டாலரும் மாத ஓய்வூதியமும் தருவதாக அரசு ஒப்புக்கொண்டிருந்தது. பட்ஜெட்டில் அதற்குப் பணம் ஒதுக்கப்படவில்லை. அன்று ஒரே நாளில் நாணயம் தன் மதிப்பில் 70 சதவீதத்துக்கு மேல் இழந்தது. அடுத்த ஆண்டு காங்கோ போருக்குப் படை போனது. 2000-இல் வெள்ளையர் பண்ணைகளைக் கைப்பற்றும் திட்டம் தொடங்கியது. நிலம் சிலரிடமே குவிந்து கிடந்தது காலனியாட்சி விட்டுப்போன அநியாயம்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் நிலத்தைப் பிரித்த விதம் ஏற்றுமதியை முறித்துப் போட்டது. 2000-இல் சுமார் 23 கோடி கிலோவாக இருந்த புகையிலை விளைச்சல் 2008-இல் 5 கோடி கிலோவுக்கும் கீழே போய்விட்டது. வெளிநாட்டுப் பணம் வரவில்லை, வரியும் வரவில்லை. 2003 டிசம்பரில் மத்திய வங்கி ஆளுநராக வந்த கிடியன் கோனோ, அரசின் செலவுகளுக்கு நோட்டு அடித்துக் கொடுத்தார்.

மிச்சத்தை எண்களே சொல்லும். 2006 ஆகஸ்டில் நாணயத்திலிருந்து 3 பூஜ்யம் வெட்டப்பட்டது, 2008 ஆகஸ்டில் 10, 2009 பிப்ரவரியில் 12. மொத்தம் 25 பூஜ்யம். அரசு கடைசியாக வெளியிட்ட ஆண்டுப் பணவீக்கக் கணக்கு 2008 ஜூலைக்கானது: 23 கோடியே 11 லட்சம் சதவீதம். அதன்பின் அரசு எண்ணுவதையே நிறுத்திவிட்டது. பொருளியலாளர் ஸ்டீவ் ஹாங்கியின் மதிப்பீட்டில் 2008 நவம்பர் நடுவில் மாதப் பணவீக்கம் 7,960 கோடி சதவீதம். 24.7 மணி நேரத்துக்கு ஒருமுறை விலை இரட்டித்தது என்று பொருள். அந்த ஜூலையில் நோட்டுக் காகிதம் தந்துகொண்டிருந்த ஜெர்மன் நிறுவனம், தன் நாட்டு அரசு கேட்டுக்கொண்டதன் பேரில் விநியோகத்தை நிறுத்தியது. அச்சகம் அப்படியும் நிற்கவில்லை. 2009 ஜனவரியில் 100 டிரில்லியன் டாலர் நோட்டு வந்தது. நம் கணக்கில் சொன்னால் ஒரு கோடி கோடி.

முதலில் விழுந்தவர்கள்

கடனாளிகளும் சொத்துக்காரர்களும் இப்படிப்பட்ட காலத்தில் எப்படியோ தப்பிவிடுகிறார்கள். நேற்று வாங்கிய கடன் நாளை காசுக்கு ஆகாததாகிறது, வீடும் மாடும் அப்படியே இருக்கின்றன. விழுந்தவர்கள் ஒழுங்காக வாழ்ந்தவர்கள். மாதச் சம்பளம் வாங்கியவர்கள், வங்கியில் சேமித்தவர்கள், முப்பது ஆண்டு காப்பீட்டுத் தவணை கட்டியவர்கள். ஜிம்பாப்வே ஆப்பிரிக்காவிலேயே எழுத்தறிவு மிகுந்த நாடுகளில் ஒன்று. அதைக் கட்டி எழுப்பிய ஆசிரியர்களுக்கு 2008-இல் மாதச் சம்பளம் பள்ளிக்குப் போய்வரும் பஸ் கட்டணத்துக்கே காணவில்லை. வேலைக்கு வருவதே நஷ்டம் என்றாகிவிட்டது. ஆயிரக்கணக்கானோர் எல்லை தாண்டிப் போனார்கள், மீதிப் பேர் வராமல் நின்றார்கள். 80 சதவீதத்துக்கு மேல் இருந்த மாணவர் வருகை 20 சதவீதத்துக்கு இறங்கியது என்று யுனிசெஃப் சொன்னது. ஒரு கல்வியாண்டு முழுவதும் வீணாய்ப் போனது.

சம்பளம் கணக்கில் ஏறினாலும் கைக்கு வருவது வேறு விஷயம். விலை ஏறும் வேகத்துக்கு அச்சகத்தால் நோட்டு அடிக்க முடியவில்லை. எனவே ஒருவர் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் எடுக்கலாம் என்று மத்திய வங்கி வரம்பு கட்டியது. அந்த வரம்புத் தொகை பல நேரங்களில் பஸ்ஸுக்கும் ஒரு ரொட்டிக்கும்கூடப் பற்றாது. அதற்காக மக்கள் வங்கி வாசலில் இரவே வந்து படுத்தார்கள். விடிந்து கதவு திறக்கும்போது உள்ளே நோட்டு தீர்ந்திருக்கும், அல்லது ரொட்டி விலை ஏறியிருக்கும். 2008 டிசம்பர் தொடக்கத்தில் ஹராரேயில் சீருடை அணிந்த ராணுவ வீரர்களே பணம் எடுக்க முடியாத ஆத்திரத்தில் தெருவில் இறங்கி, பணம் மாற்றுவோரை அடித்துப் பறித்தார்கள், கடைகளைச் சூறையாடினார்கள். ஆட்சியைத் தாங்கி நின்றவர்களுக்கே சம்பளம் சோறு போடவில்லை என்பது அன்று வெளியே தெரிந்தது.

விலையைப் பாதியாக்கு என்ற உத்தரவு

2007 ஜூன் கடைசியில் எல்லாக் கடைகளும் விலையைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்று அரசு ஆணையிட்டது. கண்காணிப்புக் குழுக்கள் கடை கடையாக ஏறின. மறுத்த ஆயிரக்கணக்கான வணிகர்களும் மேலாளர்களும் கைதானார்கள். முதல் சில நாள் கொண்டாட்டம்தான். செருப்பு, டிவி, சர்க்கரை என்று கையில் கிடைத்ததை வாரிக்கொண்டு போனார்கள். அதில் சாமானியர்களும் உண்டு, சோதனைக்கு வந்த அதிகாரிகளும் உண்டு. அலமாரி காலியான பிறகு யாரும் அதை நிரப்பவில்லை. அடக்க விலைக்கும் கீழே விற்கச் சொன்னால் எந்த ஆலை மாவு அரைக்கும்? இறைச்சி, எண்ணெய், மாவு, சோப்பு, பால் எல்லாம் வெளிச்சமான கடைகளிலிருந்து மறைந்தன.

ஆனால் நாட்டிலிருந்து மறையவில்லை. பொருள் வீட்டுப் பின்கட்டுக்கும் கார் டிக்கிக்கும் தெரிந்தவர் வழியாகக் கைமாறும் வியாபாரத்துக்கும் இடம் மாறியது. இங்கிருந்துதான் பிழைப்பின் இலக்கணமே மாறுகிறது. அதுவரை காசு இருந்தால் போதும். இதன்பின் யாரிடம் எண்ணெய் இருக்கிறது என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். ரொட்டி ஆலையில் வேலை செய்யும் மைத்துனர், பெட்ரோல் நிலையத்தில் நிற்கும் பக்கத்து வீட்டுப் பையன், சர்க்கரை லாரி ஓட்டும் தேவாலயச் சபை உறுப்பினர் ஆகியோர் குடும்பத்தின் சொத்துக் கணக்கில் சேர்ந்தார்கள்.

இதற்கு இரண்டு ஆண்டு முன்பே, 2005 மே மாதம், அரசு தன் நகரங்களின் மீதே ஒரு தாக்குதல் நடத்தியிருந்தது. ஷோனா மொழியில் முரம்பட்ஸ்வினா என்று பெயரிட்ட அந்த நடவடிக்கையில் தெருக்கடைகளும் கொல்லைப்புறக் குடிசைகளும் புல்டோசரால் தரைமட்டமாக்கப்பட்டன. ஐ.நா. தூதர் அன்னா டிபைஜுகாவின் அறிக்கைப்படி சுமார் 7 லட்சம் பேர் வீட்டையோ பிழைப்பையோ இரண்டையுமோ இழந்தார்கள். முறைசார்ந்த வேலைகள் அழிந்துகொண்டிருந்த நாட்டில், மக்கள் தாங்களே பின்னிக்கொண்ட வலையை அரசு அறுத்தது. 2008-இன் பசியைப் பற்றிப் பேசுகிறவர்கள் 2005-ஐ விட்டுவிடுகிறார்கள். என் பார்வையில் அது தவறு. அந்தக் கடைகள் இருந்திருந்தால் அந்தப் பசி இவ்வளவு ஆழமாக இறங்கியிருக்காது.

நோட்டைக் கையில் வைக்காதே

நகரவாசிகள் கற்ற முதல் பாடம், உள்ளூர் நோட்டு இரவு தங்கக்கூடாது என்பது. சம்பளம் கைக்கு வந்த அன்றே பொருளாக மாற வேண்டும். எந்தப் பொருள் என்பது இரண்டாம்பட்சம். தனக்குத் தேவையில்லாத பெயின்ட் டப்பாவையும் வாங்கி வைத்தார்கள், நாளை யாரிடமாவது மாவுக்கு மாற்றலாம். செங்கலும் சிமென்டும் சேமிப்பாயின. பெட்ரோல் கூப்பன் நல்ல பணமாகவே புழங்கியது. லிட்டர் லிட்டர்தான், அதில் பூஜ்யம் சேராது. வீட்டு வாடகையையும் சம்பளத்தில் ஒரு பகுதியையும் கூப்பனாகத் தந்தவர்கள் உண்டு. வசதியுள்ளோர் பங்குச் சந்தைக்குப் போனார்கள். ஹராரே, லண்டன், ஜோகனஸ்பர்க் மூன்றிலும் விலை பேசப்பட்ட ஓல்டு மியூச்சுவல் என்ற நிறுவனத்தின் பங்கு விலைகளை ஒப்பிட்டுத்தான் டாலரின் உண்மை மதிப்பை வணிகர்கள் கணித்தார்கள். மத்திய வங்கியை யாரும் நம்பவில்லை. 2008 நவம்பரில் அந்தச் சந்தையிலும் வர்த்தகம் நின்றது.

டாலர் மாற்றும் இடங்கள் எல்லாருக்கும் தெரியும். புலவாயோ நகரில் அப்படியொரு தெருவுக்கு மக்கள் வைத்த பெயர் உலக வங்கி. தலையில் வெள்ளைத் துணி கட்டிய பெண்கள் அங்கே நடைபாதையில் அமர்ந்து ராண்டும் போட்ஸ்வானா நாணயமான புலாவும் மாற்றித் தந்தார்கள். அவர்களில் பலர் அப்போஸ்தலிக்க கிறிஸ்தவ சபைகளைச் சேர்ந்தவர்கள். அவ்வப்போது போலீஸ் வரும், பணத்தைப் பிடுங்கும், போகும். மறுநாள் பெண்கள் திரும்ப அமர்வார்கள். அவர்கள் இல்லாவிட்டால் போலீஸ்காரரின் குடும்பத்துக்கும் ராண்ட் கிடைக்காது.

இதில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய ஒரு வித்தை உண்டு. ஷோனாவில் அதைப் பணத்தை எரிப்பது என்று சொன்னார்கள். ரொக்கத்துக்குத் தட்டுப்பாடு இருந்ததால், கையிலுள்ள நோட்டுக்கு ஒரு விலையும் வங்கிக் கணக்கிலுள்ள அதே பணத்துக்கு வேறு விலையும் இருந்தன. விளக்கத்துக்காக எளிய எண்களை வைத்துக்கொள்வோம். ஓர் அமெரிக்க டாலருக்கு ரொக்கமாக 100 ஜிம்பாப்வே டாலர், வங்கி மாற்றலாக 10,000. என்னிடம் 10 அமெரிக்க டாலர் இருக்கிறது. மாற்றலுக்கு விற்கிறேன், கணக்கில் ஒரு லட்சம் விழுகிறது. ஒரு நாளைக்கு 500 எடுக்க வரம்பு அனுமதிக்கிறது என்றால், அந்த 500 ரொக்கத்துக்கு 5 டாலர் வாங்குவேன். இரண்டு நாளில் என் 10 டாலர் திரும்பி வந்துவிட்டது, கணக்கில் இன்னும் 99,000 இருக்கிறது. அதை வைத்து மின்கட்டணம், தொலைபேசிக் கட்டணம், காசோலை வாங்கும் கடையில் எது கிடைக்குமோ அது. அரசு நிர்ணயித்த கட்டணங்கள் சந்தைக்கு வெகுதூரம் பின்தங்கி வந்ததால், சில டாலரை எரித்து மாதக்கணக்கான கட்டணத்தைத் தீர்த்தவர்கள் இருந்தார்கள். ஆனால் ஒவ்வொரு நாள் தாமதமும் கணக்கில் மிஞ்சியதைத் தின்னும். குடும்பத்தில் எத்தனை பேருக்கு வங்கிக் கணக்கு உண்டோ அத்தனை பேரும் வரிசையில் நிற்க வேண்டும்.

இதைச் சாமர்த்தியம் என்று மட்டும் புகழ எனக்கு மனம் வரவில்லை. இதைத் தொடங்கவே கையில் கொஞ்சம் டாலர் வேண்டும். அது இல்லாத ஆசிரியரும் கூலித் தொழிலாளியும் இந்த ஆட்டத்தின் மறுபக்கம் நின்றார்கள், அவர்களது சம்பளம்தான் எரிந்தது. எல்லாருக்கும் மேலே, மத்திய வங்கியில் அதிகாரபூர்வ விலைக்கு டாலர் வாங்கும் செல்வாக்குள்ள சிலர் இருந்தார்கள். வாங்கியதை அன்றே தெருவிலையில் விற்றால் போதும். வியர்வை சிந்தாமல் மாளிகை எழுப்பியவர்கள் அவர்கள்தான். கைதானவர்கள் நடைபாதைப் பெண்கள்.

சீட்டு பொருளுக்கு மாறியது

நம் ஊர்ச் சீட்டு அங்கே முகண்டோ. பத்துப் பன்னிரண்டு பெண்கள் மாதம் ஒரு தொகை போட்டு, முறை வைத்து ஒருவர் எடுப்பார். வெறிகொண்ட பணவீக்கத்தில் காசுச் சீட்டு நிற்காது. முதல் மாதம் எடுத்தவருக்கு மாடு கிடைத்தால் கடைசியில் எடுப்பவருக்கு மாட்டின் கயிறுகூட வராது. பல சீட்டுகள் உடைந்தன. உடையாதவை காசைக் கைவிட்டுப் பொருளுக்கு மாறின. ஆளுக்கு இரண்டு லிட்டர் எண்ணெய், ஆளுக்கு இரண்டு கிலோ சர்க்கரை, இந்த மாதம் இன்னாருக்கு என்று. வெளிநாட்டுப் பணம் புழங்கிய குழுக்கள் ராண்டில் போட்டன. சில குழுக்கள் காசைச் சேர்த்து ஓர் ஆளை எல்லைக்கு அனுப்பி மொத்தமாகச் சரக்கு எடுத்துவரச் செய்தன. யாருடைய கணவர் வேலை இழந்தார், யார் வீட்டில் நோயாளி இருக்கிறார் என்பது அந்தப் பெண்களுக்குத் தெரியும். முறையை மாற்றி அவருக்கு முன்னால் கொடுப்பார்கள். வங்கிகள் தோற்ற ஆண்டில் இந்தக் கணக்கு நோட்டுகள் தோற்கவில்லை.

லிம்போபோவுக்கு அப்பால் ஓர் ஆள்

ஒரு குடும்பம் தாங்கியதா முறிந்ததா என்பதைத் தீர்மானித்த ஒற்றைக் காரணம் எது என்று கேட்டால், வெளிநாட்டில் ஓர் ஆள் இருந்தாரா என்பதைத்தான் சொல்வேன். 2005 இறுதியில், அதாவது உச்சகட்டம் வருவதற்கு மூன்று ஆண்டு முன்பே, ஹராரேயிலும் புலவாயோவிலும் 300 வீடுகளில் நடந்த ஓர் ஆய்வில் ஏறக்குறைய பாதி வீடுகளுக்கு வெளிநாட்டுப் பணமோ பொருளோ வந்துகொண்டிருந்தது. லண்டனில் முதியோர் இல்லத்தில் வேலை பார்த்த செவிலியர், ஜோகனஸ்பர்க்கில் வீட்டு வேலை செய்த அக்கா, கேப்டவுன் ஓட்டலில் தட்டுக் கழுவிய பட்டதாரி ஆகியோர்தான் 2008-இல் அந்த நாட்டின் உண்மையான கருவூலம்.

காசாக அனுப்பினால் வாங்கப் பொருள் இல்லை என்பதால் பொருளே வந்தது. புலவாயோ பக்கம் ஓமலயிட்ஷா என்று அழைக்கப்பட்ட வண்டிக்காரர்கள் இதைத் தொழிலாகவே செய்தார்கள். ஜோகனஸ்பர்க்கில் மகள் ஒரு பை மாவு, எண்ணெய், சர்க்கரை, சோப்பு, மெழுகுவர்த்தி வாங்கி வேனில் ஏற்றுவாள். டிரெய்லர் பிதுங்கும் அளவுக்கு அடுக்கிய அந்த வேன் இரவெல்லாம் ஓடி, தென்னாப்பிரிக்க எல்லை ஊரான மூசினா தாண்டி, பெய்ட்பிரிட்ஜ் சுங்கச் சாவடியில் கொடுக்க வேண்டியதைக் கொடுத்து, அம்மாவின் வீட்டு வாசலில் பையை இறக்கும். ரசீதோ முகவரிச் சீட்டோ கிடையாது. வண்டிக்காரரின் கைபேசி எண்ணும் அவர் எந்த ஊர், யார் மகன் என்ற தகவலும்தான் உத்தரவாதம்.

பெண்கள் எதிர்த்திசையிலும் போனார்கள். குரோஷே பின்னிய மேசை விரிப்பும் கூடையும் சுமந்து தென்னாப்பிரிக்காவிலும் போட்ஸ்வானாவின் ஃபிரான்சிஸ்டவுனிலும் விற்று, மாவும் எண்ணெயுமாகத் திரும்பினார்கள். பாஸ்போர்ட் கிடைக்காதவர்கள் எல்லையில் ஓடும் லிம்போபோ ஆற்றில் இறங்கினார்கள். ஆற்றில் முதலை, கரையில் மகுமகுமா என்ற வழிப்பறிக் கும்பல். அந்தக் கும்பல்களிடம் சிக்கிய பெண்கள் பட்ட கொடுமைகளை மூசினாவில் பணியாற்றிய உதவி அமைப்புகள் பதிவு செய்திருக்கின்றன. ஜோகனஸ்பர்க் சேர்ந்தவர்களில் ஆயிரக்கணக்கானோருக்கு சென்ட்ரல் மெதடிஸ்ட் ஆலயத்தில் பிஷப் பால் வெரின் இடம் கொடுத்தார். படிக்கட்டிலும் நடைக்கூடத்திலும் படுத்தார்கள். 2008 மே மாதம் வெளிநாட்டவருக்கு எதிராகத் தென்னாப்பிரிக்காவில் கலவரம் வெடித்து 62 பேர் கொல்லப்பட்டார்கள். வன்முறைக்குப் பயந்து ஊர் திரும்பினால் ஊரில் சோறு இல்லை. 2009-இல்தான் தென்னாப்பிரிக்கா ஜிம்பாப்வே மக்களுக்கு 90 நாள் விசா இல்லா நுழைவைத் தந்தது. அதற்கு முன் கடந்தவர்களில் பெரும்பாலோர் சட்டத்தின் கண்ணில் குற்றவாளிகள்.

கிராமங்களில்

நிலம் உள்ளவனுக்குப் பசி இல்லை என்பது பாதி உண்மைதான். விதையும் உரமும் கிடைக்காமல் 2008 அறுவடை பொய்த்தது. நகரத்திலிருந்து வந்தவர்கள் சோப்பு, உப்பு, பழைய துணி கொடுத்து மக்காச்சோளமும் கோழியும் ஆடும் வாங்கிப் போனார்கள். மாவரைக்கும் ஆலைக்காரர் கூலியை மக்காச்சோளமாகவே அளந்துகொண்டார். பண்டமாற்று என்றால் இருவருக்கும் நல்லது என்று பாடநூல் சொல்லும். பஞ்சத்தில் ஆட்டை விற்பவன் எப்போதும் தோற்கிற பக்கத்தில்தான் நிற்கிறான். மக்காச்சோளத்தை வாங்கும் உரிமை அரசின் தானிய வாரியத்துக்கு மட்டுமே என்பதால், பட்டணத்து மகனுக்கு மூட்டை கொண்டுபோனவர்களிடம் சாலைத் தடுப்புகளில் போலீஸ் அதைப் பறித்தது.

காட்டுப் பழங்கள் உணவாயின. ஹச்சா என்ற பழத்தை மாவாக்கிக் கூழ் காய்ச்சினார்கள், பாவோபாப் மரக் காயின் மாவைக் கரைத்துக் குடித்தார்கள். ஆற்றங்கரையில் மணலை அரித்துத் தங்கத் துகள் தேடி, அதை எடை போட்டு மாவுக்கு மாற்றியவர்கள் ஏராளம். அதற்கும் ஒரு நடவடிக்கை இருந்தது. 2006 இறுதியில் தொடங்கிய வேட்டையில் பல ஆயிரம் பேரைப் பிடித்தார்கள். 2008 ஜூன் 4 அன்று தொண்டு நிறுவனங்களின் களப்பணிகளையே அரசு தடை செய்தது. அது ஜனாதிபதித் தேர்தலின் இரண்டாம் சுற்றுக்கு மூன்று வாரம் முன்பு. ஆகஸ்ட் கடைசியில்தான் தடை நீங்கியது. 2009 தொடக்கத்தில் சுமார் 70 லட்சம் பேருக்கு உணவு உதவி தேவைப்பட்டது. நாட்டு மக்களில் பாதிக்கு மேல். இந்தத் தடையை நிர்வாகத் தவறு என்று கடந்துபோக முடியாது. பசித்தவனின் தட்டைப் பறித்த அரசியல் முடிவு அது.

இந்த இருட்டில் நான் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்ப்பது வடமேற்கே உள்ள சிடமோயோ கிறிஸ்தவ மருத்துவமனையை. நோயாளியிடம் பணம் இல்லை, மருத்துவமனைக்கோ சோறு வேண்டும். எனவே கட்டணமாகக் கோழி, ஆடு, மக்காச்சோளம், வேர்க்கடலை எல்லாவற்றையும் ஏற்றார்கள். வந்த வேர்க்கடலையை அரைத்து வெண்ணெயாக்கி நோயாளிகளின் கஞ்சியில் கலந்தார்கள், ரொட்டியில் தடவினார்கள். கடலை விளைவித்த தாயின் பிரசவத்துக்கு அந்தக் கடலையே கட்டணம், பக்கத்துக் கட்டிலில் கிடப்பவருக்கு அதுவே காலை உணவு. அமெரிக்க டாலர் சட்டபூர்வமான பிறகும் அது தொடர்ந்தது. கிராமத்துக்கு டாலர் வந்து சேரவில்லை.

பிழைக்காதவர்கள்

பிழைத்தவர்களின் கதை மட்டும் எழுதினால் அது பொய்யாகிவிடும். 2008 ஆகஸ்டில் தொடங்கிய காலரா, குடிநீரைச் சுத்திகரிக்கும் ரசாயனம் வாங்க அரசிடம் காசில்லாத நகரங்களில் பரவியது. ஹராரேயின் புடிரிரோ போன்ற நெருக்கமான பகுதிகளில் கழிவுநீர் தெருவில் ஓடியது. நவம்பரில் தலைநகரின் பெரிய அரசு மருத்துவமனைகள் கிட்டத்தட்ட மூடிக் கிடந்தன. மறு ஆண்டு நடுப்பகுதிக்குள் 98,000 பேருக்கு மேல் நோய் கண்டது, 4,000 பேருக்கு மேல் இறந்தார்கள். காலரா உப்பு, சர்க்கரை, சுத்தமான தண்ணீர் கொடுத்துக் காப்பாற்றக்கூடிய நோய். அந்த மூன்றும் இல்லை. கிழக்கே சியாட்ஸ்வா வயலில் வைரம் தோண்டப் போனவர்கள் மீது 2008 இறுதியில் ராணுவம் ஹெலிகாப்டரிலிருந்தும் சுட்டது. 200 பேருக்கு மேல் கொல்லப்பட்டதாக ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அறிக்கை தந்தது.

அரசு பின்னால் வந்தது

மக்களின் வழிக்கு அரசு படிப்படியாகத்தான் வந்தது. 2008 செப்டம்பரில் கிட்டத்தட்ட 1,000 கடைகளுக்கு வெளிநாட்டுப் பணத்தில் விற்க உரிமம் தந்தார்கள், உரிமக் கட்டணமும் அதே பணத்தில். 2009 ஜனவரியில் எல்லாருக்கும் திறந்துவிட்டார்கள். பிப்ரவரியில் கூட்டணி அரசு அமைந்து, எதிர்க்கட்சியைச் சேர்ந்த டெண்டாய் பிட்டி நிதியமைச்சரானார். அரசு ஊழியர் எல்லாருக்கும் மாதம் 100 அமெரிக்க டாலர் படி. ஆசிரியர்கள் பள்ளிக்குத் திரும்பினார்கள், பல இடங்களில் பெற்றோர் கூடுதலாகக் காசு போட்டுத்தான் அவர்களை நிறுத்தி வைத்தார்கள். டாலர் கணக்கில் பிப்ரவரி மாத விலைகள் 3.1 சதவீதம் குறைந்தன. சில வாரங்களில் அலமாரிகள் நிரம்பின. அதுவரை, விற்றால் கட்டுபடியாகும் என்ற நம்பிக்கைதான் இல்லாமல் இருந்தது.

புதுத் தொல்லை சில்லறை. நாட்டில் அமெரிக்கக் காசுகள் இல்லை. பஸ் கட்டணம் அரை டாலர் என்றால் நடத்துநர் இரண்டு பயணிகளுக்குச் சேர்த்து ஒரு டாலராக வாங்குவார், அல்லது இருவர் கையிலும் ஒரே நோட்டைக் கொடுத்து இறக்கிவிடுவார். முன்பின் தெரியாத இருவரும் சேர்ந்துபோய் அதை மாற்றிக்கொள்ள வேண்டும். கடைகளில் மீதிக்கு மிட்டாய், தீப்பெட்டி, கைச்சீட்டு. கைமாறிக் கைமாறிக் கறுத்துப்போன ஒரு டாலர் நோட்டுகளைச் சோப்புப் போட்டுத் துவைத்துக் கொடியில் காயப்போட்டார்கள்.

சேமிப்புக்கு என்ன ஆயிற்று என்பதற்கான பதில் 2015 ஜூனில் வந்தது. 175 குவாட்ரில்லியன் வரை, அதாவது 1,750 கோடி கோடி ஜிம்பாப்வே டாலர் வரை வங்கியில் வைத்திருந்தவர்களுக்கு மொத்தமாக 5 அமெரிக்க டாலர் தரப்பட்டது. 100 டிரில்லியன் நோட்டைக் கொண்டுவந்தவருக்கு 40 சென்ட். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் அதே நோட்டுக்குப் பல மடங்கு விலை கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

மறுபடியும்

2016-இல் டாலருக்குச் சமம் என்று சொல்லி அரசு பாண்டு நோட்டுகளை வெளியிட்டது. அவற்றைக் கண்டதுமே மக்கள் என்ன செய்ய வேண்டும் என்று யாரிடமும் கேட்கவில்லை. அமெரிக்க டாலர் வங்கியிலிருந்து வீட்டுக்குப் போனது. 2019-இல் உள்ளூர் நாணயம் மட்டுமே செல்லும் என்று ஆணை வந்தது. 2020 ஜூலையில் பணவீக்கம் 837 சதவீதம். அதற்கு முந்தின மாதம் கைபேசிப் பணப் பரிமாற்றத்துக்கும் பங்குச் சந்தைக்கும் மறுபடி பூட்டு. 2024 ஏப்ரலில் தங்கத்தை ஆதாரமாகக் கொண்டது என்று ஜிக் என்ற புது நாணயம் வந்தது. கூடவே தெருவில் பணம் மாற்றுவோரைக் கைது செய்யும் வேட்டையும் வந்தது. அந்த செப்டம்பரில் ஜிக்கின் மதிப்பை மத்திய வங்கியே 43 சதவீதம் குறைத்தது.

இந்த நிகழ்வில் இன்னும் மூடப்படாத கோப்பு ஓய்வூதியம். 2009-இல் காப்பீட்டு, ஓய்வூதியக் கணக்குகளை டாலருக்கு மாற்றியபோது பலருக்கு ஆயுள் உழைப்பின் பலனாகச் சில டாலரோ ஒன்றுமில்லாமலோ போயிற்று. ஓய்வுபெற்ற நீதிபதி ஜார்ஜ் ஸ்மித் தலைமையில் 2015-இல் விசாரணை ஆணையம் அமைந்தது. சந்தாதாரர்கள் இழந்தது உண்மை, இழப்பீடு தர வேண்டும் என்று அது சொன்னது. இழப்பீட்டுக்கான விதிமுறைகள் 2023-இல்தான் வெளியாயின. 2003-இல் 60 வயதில் ஓய்வுபெற்ற ஒருவருக்கு அப்போது 80 வயது.